கொன்றையைப் பறிக்கலாமா?

மாசி, பங்குனியில் சரக்கொன்றை இலையைக் கொட்டிவிடும். வாசல் பெருக்குகிறவருக்கு அலுப்பு. மரம் பட்டுவிட்டதோ என்ற கவலை வேறு. சித்திரை வந்ததும் அதே மொட்டைக் கிளைகளில் பொன் சரங்கள் தொங்கும். அழகுக்காக நட்ட மரம் அப்போதுதான் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. கொன்றை சிவன் சூடும் பூ. அதைப் பறித்துச் சாத்துவதா, மரத்திலேயே விடுவதா?

பறிக்கலாம் என்பதற்குப் பெரிய சாட்சி திருப்புகலூர் முருக நாயனார். திருஞானசம்பந்தரின் காலத்தவர். விடியுமுன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவையும் தனித்தனிக் கூடைகளில் கொய்து, மாலை கட்டி அவ்வூர் வர்த்தமானீச்சரக் கோயில் இறைவனுக்குச் சாத்தினார். பூப்பறித்ததே அவருக்குத் தவம். அதற்காகவே அறுபத்துமூவரில் ஒருவரானார்.

18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாயுமானவருக்கோ பூப்பறிக்கக் கை எழவில்லை. பூவுக்குள்ளேயே இறைவன் இருப்பதைக் கண்ட பிறகு, அதைக் கிள்ளி எடுத்து யாருக்குச் சாத்துவது? பூசையை மறுத்தவரல்ல அவர். பூசை ஏற்கெனவே கிளையில் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தவர்.

ஒரு கொன்றைப் பூவைக் கையில் எடுக்காமல், முகத்தருகே கிளையை வளைத்துப் பார்த்தால் அவர் தயக்கம் புரியும். ஐந்து மஞ்சள் இதழ். பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். கருத்த தச்சன் வண்டு வந்து தொற்றி உடம்பை அதிரவைக்கும். குட்டைத் தாள்களின் தூளை அது உணவாக்கிக்கொள்ள, நீண்டவற்றின் தூள் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். பறித்த பூவில் இந்தப் போக்குவரத்து நின்றுபோகிறது.

உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாமே என்றால், மண்ணில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பது வழக்கு. பவழமல்லிக்குப் பல வீடுகளில் இதிலிருந்து விலக்கு உண்டு, கொன்றைக்கு இல்லை. மரம் தானாகத் தருவதை வேண்டாமென்று, தராததைப் பறிப்பது நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. முருக நாயனார் கூடையில் பக்தி இருந்தது, ஐயமில்லை. ஆனால் அவர் கொய்தது நாள்தோறும் கோயில் பணிக்கு. வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றை மரத்திலிருந்து ஒரு சரம் போதும், மற்றவை வண்டுக்கு.

விட்ட சரங்களில் சில காய்க்கும். ஒரு முழத்துக்கும் மேல் நீண்ட கரிய காயை உடைத்தால், காசு அடுக்கியதுபோல் அறை அறையாகக் கருஞ்சதை, அறைக்கொரு விதை. தோல் கெட்டி. வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்துத்தான் நடவேண்டும்.