சுகானுபந்தம்: ஒரு ஜப்பானியத் திரைப்படத்தை முன்வைத்து

வாழ்நாளிலிருந்து ஒரே ஒரு நினைவை மட்டும் எடுத்துச் செல்லலாம், மற்றவை யாவும் அழிந்துவிடும் என்றால், இறந்த உயிர் எதைத் தேர்ந்துகொள்ளும்? ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கோரே-எடா 1998ஆம் ஆண்டு அளித்த ‘ஆஃப்டர் லைஃப்’ என்னும் திரைப்படத்தின் கதை இதுவே. நான் பெரிதும் விரும்பும் படம். நம் சமயத்தார் பார்க்க வேண்டிய படம். பார்த்தபின் அதனோடு வாதிடவும் வேண்டும்.

இறந்தவர்கள் திங்கட்கிழமை ஒரு பழைய கட்டடத்திற்கு வந்து சேர்கின்றனர். தேவலோகத்து ஒளியோ இசையோ அங்கு இல்லை. நம் ஊர் அரசு விடுதி போன்ற தோற்றந்தான். தேர்ந்த நினைவை அங்குள்ள பணியாளர்கள் சிறு படமாக எடுத்து, வார இறுதியில் திரையிடுவர். கண்டதும் அந்நினைவோடு மட்டும் அவ்வுயிர் சென்றுவிடும். விமானத்தில் பறந்த ஒருவருக்காகப் பஞ்சினால் மேகம் செய்கிறார்கள். ஒரு மூதாட்டி சிறுமியாய்ச் சிவப்பு உடையில் ஆடியதைச் சொல்கிறார். இயக்குநர் முன்னதாக 500க்கும் மேற்பட்டோரிடம் இவ்வினாவைக் கேட்டார்; அவருள் சிலர் படத்திலும் தோன்றித் தம் சொந்த நினைவையே கூறுகின்றனர்.

நமக்கு இங்கேதான் இடறுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் சல்லேகனைக்குரிய ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: வாழ விரும்புதல், விரைந்து இறக்க விரும்புதல், நண்பர்பால் பற்று, முன் நுகர்ந்த இன்பத்தை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல். நான்காவதன் பெயர் சுகானுபந்தம். படம் எதைப் பெரும்பேறு என்கிறதோ, அதையே ஆகமம் குற்றம் என்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடு அன்று. நம் இல்லங்களில் முதியவர் இறுதிப் படுக்கையில் இருக்கையில் பஞ்ச நமஸ்காரத்தைச் செவியில் ஓதுகிறோம். அடுத்த கணமே, “அம்மா, சம்மேத சிகர் ஏறினோமே, நினைவிருக்கிறதா?” என்று கேட்கிறோம். திருமண ஆல்பத்தைக்கூட விரித்துக் காட்டுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆயினும் விட்டு விலகும் உயிரை அது மீண்டும் கட்டாதா?

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் காட்டும் முறை எனக்குத் தெளிவு தந்தது. அன்பு, பகை, உறவு, உடைமை இவற்றை விட்டு, சுற்றத்தாரை மன்னித்து, அவரிடம் மன்னிப்பும் வேண்டி, தன் வினைகளை ஒளிக்காமல் ஆலோசனை செய்தபின்னரே உணவைப் படிப்படியாகக் குறைத்தல். ஆகவே நினைத்தலுக்கும் ஒரு காலம் உண்டு. அது நோன்பிற்கு முற்பட்ட காலம். ஆல்பத்தை அப்போதே விரிக்கலாமே! நாமோ அப்போதெல்லாம் வேலை மிகுதி என்று இருந்துவிட்டு, மூச்சுத் திணறும் நேரத்தில் விரிக்கிறோம்.

படத்தில் மோச்சிசுகி என்னும் பணியாளன் போரில் இளமையிலேயே மாண்டவன். எதையும் தேர்ந்துகொள்ள இயலாமல் அங்கேயே தங்கியவன். தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் வேறொருவரை மணந்து, மூத்து, இறந்தாள் என்று அறிகிறான். அவள் தேர்ந்த நினைவோ, அவன் போருக்குச் செல்லுமுன் இருவரும் பூங்காவில் அமர்ந்திருந்த சிறுபொழுது. பிறர் இன்பத்தில் தானும் ஒரு பகுதியாய் இருந்தோம் என்பதே அவனுக்குப் போதுமாகிறது. அதன்பின் அவன் தேர்வது அவளை அன்று. உடன் பணிசெய்தவர்களைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கும் ஒரு கணம். அவளை மீண்டும் அடைய வேண்டும் என்ற நிதானம் அவனிடம் இல்லை. இக்காட்சிக்காகவே இப்படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரே இன்ப நினைவில் என்றென்றும் உறைதல் என்பதை ஏற்பதற்கில்லை. அது முடிவில்லாத தேவகதி ஆகும். தேவருக்கும் மாலை வாடும் நாள் வரும் என்றல்லவா கற்றோம்?

நினைவைப் போற்ற நம் மரபில் இடமில்லை என்பதும் அன்று. போகிறவர் விடுகிறார், இருப்பவர் நிசீதிகை நாட்டுகிறார். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள்கள் உண்ணாநோன்பு இருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. நம் கொங்கு நாட்டிலேயே, கோவையிலிருந்து ஈரோடு செல்லும் வழியிலுள்ள விஜயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலில், சாமுண்டராயரின் உடன்பிறந்தாளான புல்லப்பையின் நிசீதிகை இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் சிரவணபெளகொளாவில் கோமட்டேசுவரரை நிறுவிய அந்தச் சாமுண்டராயர்தான். இறுதி நாள்களில் புல்லப்பையின் உள்ளத்தில் எழுந்தது தமையனின் முகமோ, பிறந்த ஊரோ, அந்தக் கல் சொல்லவில்லை.