காசி என்னும் திருநாமம்

ஒரே பெயர் ஓர் ஊருக்கும் அமைகிறது; அந்த ஊரை ஒருபோதும் கண்டிராத ஒரு குழந்தைக்கும் அமைகிறது. பாரத நாட்டில் இது அன்றாட வழக்கம். இந்த வழக்கத்தின் உட்பொருளைக் காசி என்னும் ஒரு பெயரைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

'காச்' என்னும் வடமொழி வேர்ச்சொல்லுக்கு ஒளிர்தல் என்பது பொருள். ஆகவே காசி என்றால் ஒளி பொருந்திய நகரம். வருணை, அசி என்னும் இரு நதிகளுக்கு இடையே அமைந்ததால் அது வாராணசி. சிவபெருமான் விட்டு நீங்காத தலமாதலால் அவிமுக்தம்.

ரயில் வசதி இல்லாத நாட்களில் தெற்கிலிருந்து காசிக்குச் செல்வது மாதக்கணக்கில் நடக்க வேண்டிய யாத்திரை. சென்றவர்கள் எல்லோரும் வீடு திரும்பியதில்லை. செல்ல இயலாதவர்களோ எண்ணற்றவர்கள். அவர்களுடைய ஏக்கத்திற்கு இறைவன் இரங்கினான். பக்தன் காசிக்குப் போக முடியாதபோது, காசி பக்தனிடம் வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னர் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்கு ஆலயம் எழுப்பினார், அவ்வூர் தென்காசி. காசியிலிருந்து கொண்டுவரப்பட்ட லிங்கம் நிலைபெற்ற இடமே சிவகாசி என்று அத்தல வரலாறு கூறுகிறது. வடக்கே இமயத்தில், பாகீரதியின் கரையில் உத்தரகாசி இருக்கிறது. கேதாரநாதம் செல்லும் வழியில், பாண்டவர்களின் கண்ணில் படாமல் ஈசன் மறைந்திருந்ததாகச் சொல்லப்படும் குப்தகாசி இருக்கிறது.

ஊர்களில் பரவிய நாமம் இல்லங்களிலும் புகுந்தது. காசிநாதன், விசுவநாதன், விசாலாட்சி, அன்னபூரணி என்று நாடெங்கும் குழந்தைகள் அழைக்கப்பட்டனர். கல்கத்தாவில் வாழ்ந்த புவனேசுவரி தேவி, ஓர் ஆண் மகவை வேண்டி, காசியில் இருந்த உறவினர் மூலம் அங்குள்ள வீரேசுவர சிவனுக்கு வழிபாடு நடத்தச் செய்தார். 1863-ஆம் ஆண்டு பிறந்த மகனுக்கு வீரேசுவரன் என்றே பெயரிட்டார். பின்னாளில் நரேந்திரநாதர் என்றும், சுவாமி விவேகானந்தர் என்றும் உலகம் அறிந்தது அந்தக் குழந்தையையே.

குழந்தைக்கு இறைவன் பெயரைச் சூட்டுவது ஏன்? பாகவதம் கூறும் அஜாமிளன் கதை இதற்கு விடை தருகிறது. நெறி தவறி வாழ்ந்த அவன், மரணத் தறுவாயில் அஞ்சி, நாராயணன் என்ற பெயருடைய தன் இளைய மகனைக் கூவி அழைத்தான். அழைத்தது மகனை, வந்தவர்களோ விஷ்ணு தூதர்கள். இறைவனை நினைக்க நேரமில்லாத மனிதனும் பிள்ளையை நாள்தோறும் அழைக்கவே செய்வான். அந்த அழைப்பையே ஜபமாக்கித் தரும் கருணைதான் இந்த வழக்கம்.

ஆனால் நாவில் ஏறிய நாமம் நெஞ்சில் இறங்க வேண்டும். இதை உணர்த்தும் நிகழ்ச்சியும் காசியிலேயே நடந்ததாக மரபு கூறுகிறது. கங்கைக்குச் செல்லும் வழியில் எதிர்ப்பட்ட சண்டாளன் ஒருவனை விலகிப் போகும்படி ஆதிசங்கரர் கூறினார். விலக வேண்டியது அன்னத்தால் ஆன இந்த உடலா, எல்லா உடல்களிலும் ஒளிரும் சைதன்யமா என்று அவன் கேட்டான். அத்வைதத்தை உபதேசித்த ஆசாரியர் அவனைக் குருவாக ஏற்று வணங்கினார். ஒளியின் நகரத்திலேயே ஒளி இருக்கும் இடத்தை ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது!

இன்றும் அந்தக் கேள்வி ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறது. வீட்டு முற்றத்தைப் பெருக்கும் பெண்ணின் பெயர் விசாலாட்சியாக இருக்கலாம். பசியோடு வந்து நிற்கும் மூதாட்டியின் பெயர் அன்னபூரணியாக இருக்கலாம். பாரம் சுமக்கும் முதியவரின் பெயர் காசியாக இருக்கலாம். காசிக்குச் சென்று விசாலாட்சியைத் தொழுது திரும்பியவர், வீட்டில் அதே பெயரைக் கடுஞ்சொல்லோடு சேர்த்து அழைப்பாரானால், அவரது யாத்திரை இன்னும் நிறைவு பெறவில்லை. அப்பெயரைச் சூட்டிய பெற்றோர் ஏழைகளாக இருந்திருக்கலாம். ஆயினும் தங்களுக்குத் தெரிந்தவற்றுள் மிக உயர்ந்ததையே மகளுக்கு அளித்தார்கள். அந்தப் பெயரை மரியாதையோடு உச்சரிப்பதும் ஓர் அர்ச்சனையே. உச்சரித்தபின் அவளுடைய பசியையும் களைப்பையும் கேட்டறிவது அந்த அர்ச்சனைக்குப் பின் வரும் நைவேத்தியம்.

தென்காசி ஆலயத்தை எழுப்பிய பாண்டிய மன்னர், பிற்காலத்தில் அதைக் காப்பவர்கள் யாராயினும் அவர்களின் பாதங்களைத் தாம் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தார். காசியின் பெயரைத் தன் மண்ணுக்குக் கொண்டுவந்த அரசரின் தலை, இன்னும் பிறக்காதவர்களுக்கும் தாழ்ந்தது. அப்பெயரைத் தாங்கி எதிரே நிற்கும் மனிதருக்குத் தலை தாழ்வது பக்தனுக்கு அரிதாகுமோ?