திக்கித் திக்கி ஓதும் நாவு

ரமலான் மாதத்தில் குர்ஆன் ஷரீபின் ஜுஸ்உக்களைப் பங்கிட்டு ஓதும்போது பல ஊர்களில் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. ஜுஸ்உக்கள் கைக்குக் கை மாறி வரும். ஐம்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், “கண்ணாடியை வீட்டிலே வைத்துவிட்டேன்” என்று சொல்லி, தமக்கு வந்ததைப் பக்கத்திலிருப்பவரிடம் நகர்த்தி விடுவார். அவருடைய கண்ணில் குறையில்லை. எழுத்துக் கூட்டித்தான் அவரால் ஓத முடியும். நாலு பேர் காதில் அது விழுந்துவிடுமோ என்ற வெட்கம்தான் காரணம்.

கடைத்தெருவில் அவருடைய பேச்சுக்கு மதிப்புண்டு. கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆயினும் அல்லாஹ்வின் வேதம் கைக்கு வந்ததும் அவர் ஒதுங்கிக் கொள்கிறார். பெண்களிலும் இத்தகையோர் பலர். சிறுவயதில் ஓதியது மறந்து, குடும்பப் பொறுப்பில் காலம் கழிந்து, இனி யாரிடம் போய் அலிஃப், பே கேட்பது என்று தயங்கி நிற்கும் தாய்மார்கள் எத்தனை பேர்!

நாவு தடுமாறுவது ஒரு குற்றமா? குற்றமில்லையென்றால் இந்த வெட்கம் எதற்கு? உண்மையில் வெட்கப்பட வேண்டியவர் யார்? சற்றே நிதானமாகச் சிந்திப்போம்.

நபி மூஸாவின் நாவு

நபி மூஸா (அலை) அவர்களை அல்லாஹு தஆலா ஃபிர்அவ்னிடம் போகும்படிப் பணித்தபோது அவர்கள் கேட்ட துஆ சூரா தாஹாவில் வருகிறது. நெஞ்சை விரிவாக்கித் தரும்படியும், தம் பேச்சை மக்கள் விளங்கிக் கொள்ளும் பொருட்டு நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்து விடும்படியும் இறைஞ்சினார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்கள் தம்மைவிடத் தெளிவாகப் பேசக் கூடியவர் என்றும் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் தெளிவாகப் பேசக் கூடவில்லை என்று ஃபிர்அவ்ன் ஏளனம் செய்ததையும் திருமறை (43:52) நமக்குக் காட்டுகிறது.

அல்லாஹ் என்ன செய்தான்? நாவன்மை மிக்க சகோதரரைத் துணைவராக்கினான். தூதுப் பொறுப்பின் பெரும் பங்கை நாவில் முடிச்சு இருந்தவரிடமே ஒப்படைத்தான். அவர்களோடு நேரடியாகப் பேசவும் செய்தான். ‘கலீமுல்லாஹ்’, அதாவது அல்லாஹ்வுடன் பேசியவர் என்னும் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. பேச்சுக் குறையை வைத்து மனிதரை எடை போட்டவன் ஃபிர்அவ்ன்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டு கூலி ஏன்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க மலக்குகளுடன் இருப்பார். சிரமத்துடன் திக்கித் திக்கி ஓதுபவருக்கோ இரண்டு கூலி உண்டு என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். ஒன்று ஓதியதற்கு, மற்றொன்று பட்ட சிரமத்திற்கு என்று உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். திக்கினால் இரண்டு கூலியென்றால், திக்கிக் கொண்டே இருந்துவிடலாமே! திருத்திக் கொள்வது எதற்கு? இமாம் நவவி (ரஹ்) போன்றோர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கூலி என்பதால் திக்குபவர் திறமையாளரைவிட உயர்ந்துவிட்டார் என்பது பொருளல்ல. மலக்குகளின் தோழமை என்பது மிக உயர்ந்த பதவி. இன்று சரளமாக ஓதுபவரும் ஒரு காலத்தில் திக்கித்தான் ஓதினார். அந்தச் சிரமத்தின் வழியாகத்தான் அவரும் வந்தார்.

ஆகவே இந்த ஹதீஸ் இருவருக்கும் பாடம். கூலி சிரமத்திற்கே தவிர, சோம்பலுக்கு அல்ல. முயன்று திணறுபவருக்கு இது ஆறுதல். முயலாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் சாக்குப் போக்கு ஏதுமில்லை.

எழுத்தும் நாவும்

தமிழ் நாவுக்கு அரபி எளிதல்ல என்பது உண்மையே. அரபியில் நாவின் அடிப்பகுதியிலிருந்து பிறக்கும் காஃப் ஒன்று. அதற்குச் சற்று முன்னே பிறக்கும் காஃப் மற்றொன்று. நாம் இரண்டையும் ‘க’ என்றே எழுதுகிறோம். ‘கல்ப்’ என்று தமிழில் எழுதினால், முதல் காஃபைக் கொண்டு உச்சரித்தால் இருதயம். இரண்டாவதைக் கொண்டு உச்சரித்தால் நாய்! தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களை மட்டுமே நம்பியிருப்பவர் இந்த வேறுபாட்டை எப்படி அறிவார்? உஸ்தாதின் வாயைப் பார்த்து, காதால் கேட்டுத் திருத்திக் கொள்வதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

நம் முன்னோர்களுக்கும் இதே சிரமம் இருந்தது. அவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். ப, ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லை. அரபி எழுத்துக்களோடு புள்ளிகளைக் கூட்டி அவற்றுக்கும் வடிவம் கொடுத்தார்கள். அதுவே அரபுத் தமிழ். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) அவர்கள் மார்க்க நூல்களை இதில் இயற்றினார்கள். குர்ஆன் எழுத்து மட்டுமே தெரிந்த பெண்மணிகள் தொழுகை, நோன்பின் சட்டங்களையெல்லாம் தம் சொந்த மொழியில் வீட்டிலிருந்தபடியே வாசித்தார்கள். தமிழ் எழுத்து அறியாத அவர்களைப் படிக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழை எழுதுவதற்காக எழுத்தை வளைத்தார்கள். குர்ஆனை ஓதுவதற்காக நாவை வளைக்கச் சொன்னார்கள். மனிதரின் பலவீனத்திற்கு இரக்கம் காட்டினார்கள். அதே நேரத்தில் வேதத்தின் சொல்லைக் கைவிடவுமில்லை.

நகைப்பவர் யார்?

பிலால் (ரலி) அவர்களுக்கு ‘ஷீன்’ வராது, ‘ஸீன்’ என்றே சொல்வார்கள் என்று ஒரு கதை பயான்களில் சொல்லப்படுவதுண்டு. இதற்கு ஆதாரமில்லை என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். குரல்வளத்தை முன்னிட்டே பாங்கு சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. எனவே எளியவருக்கு ஆறுதல் சொல்ல இக்கதை நமக்குத் தேவையில்லை. ஆதாரமுள்ள ஹதீஸே இருக்கிறது. தம் உம்மத்தில் கிழவிகள், முதியவர்கள், சிறுவர் சிறுமியர், ஒரு நூலையும் வாசித்தறியாதவர்கள் இருக்கிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் எடுத்துரைத்தபோது, குர்ஆன் ஏழு முறைகளில் இறக்கியருளப் பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. இது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. கிழவியின் நாவுக்கும் கவலைப்பட்ட நபியின் உம்மத்தார் நாம்!

தவறு கண்டால் திருத்த வேண்டும். பொருள் மாறும் பிழையைக் கேட்டுக் கொண்டு சும்மா இருப்பது அன்பாகாது. ஆனால் திருத்துவது வேறு, சிரிப்பது வேறு. திருத்தினால் ஒருவர் ஓதக் கற்பார். சிரித்தால் அவர் குர்ஆனை மூடி வைத்துவிடுவார். அப்படி மூடியதன் பொறுப்பு யார் தலையில் விழும்? கற்றுக் கொள்ள ஆவலோடு வந்த கண் தெரியாத ஸஹாபி ஒருவர் விஷயத்தில், ‘அபஸ’ என்று ஒரு சூராவே இறங்கியிருக்கிறதே! கற்றவர்களாகிய நாம்தான் முதலில் அஞ்ச வேண்டும்.

பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. ஓதுவதும் வணக்கம், விளங்குவதும் கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை விட வேண்டியதில்லை. துஆவை எந்த மொழியிலும் கேட்கலாம். உங்களைப் போலவோ முஆதைப் போலவோ அழகாக முணுமுணுக்க எனக்குத் தெரியாது, சுவனத்தைக் கேட்கிறேன், நரகத்தை விட்டுப் பாதுகாவல் தேடுகிறேன் என்று ஒருவர் சொன்னபோது, நாங்களும் அதைச் சுற்றித்தான் முணுமுணுக்கிறோம் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் என அபூதாவூதில் வருகிறது. அவருக்குச் சொல் குறைவாக இருந்தது. கேட்பது இன்னதென்ற தெளிவு இருந்தது.

எனவே மகல்லாக்களில் பெரியவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவோம். இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும் இடமாக அது இருக்கலாகாது. வீட்டிலே ஓதத் தெரிந்த மகள், தன் உம்மாவின் அருகே அமர்ந்து நாளுக்கு ஓர் ஆயத் சொல்லிக் கொடுக்கட்டும். கண்ணாடியைக் காரணம் காட்டும் பெரியவர் ஜுஸ்உவை நகர்த்தாமல் ஒரு பக்கமேனும் மெல்ல ஓதட்டும். அவர் திக்கும் ஒவ்வோர் எழுத்தையும் வல்ல நாயன் கேட்டுக் கொண்டிருக்கிறான்.

நம் நாவின் முடிச்சுக்களையும், பிறரை நகைக்கும் நம் உள்ளத்தின் முடிச்சுக்களையும் அல்லாஹு தஆலா அவிழ்த்தருள்வானாக! ஆமீன்.