காயலான் கடைக்குள் ஒரு காடு

தம்பி, தங்கச்சி, "நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று இனி ஒருமுறையும் கேட்காதே. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வளர்ந்த பிள்ளையின் வாயில் வரக்கூடாத கேள்வி அது. மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பி இருக்கிறது. தச்சுப் பட்டறையில் மூட்டை மூட்டையாக மரத்தூள் இருக்கிறது. காயலான் கடையில் கிழிந்த மெத்தையின் ஸ்பாஞ்ச் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்து மேசைமேல் ஒரு காட்டையே எழுப்பலாம். சத்தியமாகச் சொல்கிறேன், காடு!

மேசைமேல் போர் நடத்தும் விளையாட்டு உலகெங்கும் இருக்கிறது. விரலளவு வீரர்கள், பகடை, அளவு நாடா, நடுவே மலை, ஆறு, ஊர், தோப்பு. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் படைப் பயிற்சிக்காக அதைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். 1913-ல் ஹெச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். இந்த விளையாட்டில் மரத்துக்கும் வேலை உண்டு. தோப்புக்குள் பதுங்கியவனைச் சுடுவது கடினம். தோப்பில் நுழையும் குதிரைப்படை வேகம் இழக்கும். நீ நிறுத்தும் ஒரு மரம் ஆட்டத்தையே திருப்பிவிடும். வெல்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்துச் சுள்ளிகளைப் பலகையில் குத்தி மரமாக்கிக்கொண்டார். காலத்தைக் கடக்கும் இயந்திரத்தையே கற்பனை செய்த மனிதருக்குச் சுள்ளி போதுமாக இருந்தது. உனக்கு மட்டும் வெளிநாட்டிலிருந்து பொம்மை மரப் பெட்டி வந்தால்தான் ஆகுமா?

பெட்டிக்காகக் காத்திருப்பது உன் ஊரின் குணமே கிடையாது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த புல்லட்டைப் பூட்டித்தான் கொடுத்தார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இந்தியாவிலேயே தயாரானது. 1977-ல் அதே வண்டி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது! எந்த நாட்டிடம் கற்றோமோ அந்த நாட்டுக்கே திருவொற்றியூர்த் தொழிற்சாலை வண்டி அனுப்பியது. அந்தத் தெருக்களில் நடப்பவன் நீ.

சரி, கையை நீட்டு. ஒரு சாண் நீளத்தில் பத்துப் பதினைந்து கம்பிகளை வெட்டு. பாதிவரை சேர்த்து முறுக்கினால் அடிமரம். மேலே மிஞ்சியதை மூன்று நான்காகப் பிரித்து முறுக்கு, மறுபடி பிரி, மறுபடி முறுக்கு. கிளை வரும், கொப்பு வரும். கீழே மிச்சம் விட்ட நுனிகளை விரித்தால் வேர். வேரடியில் ஒரு கனமான வாஷரை ஒட்டிவிடு, மரம் சாயாது. ஃபெவிகாலில் தோய்த்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றினால் பட்டை உருவாகும். காய்ந்ததும் கருஞ்சாம்பல் பூசி, வண்ணம் ஏறக்குறைய வற்றிய பிரஷால் வெளிர்நிறத்தை மேலோட்டமாகத் தடவு. மேடுகள் மட்டும் பளிச்சென்று எழும்பும். கம்பி மறைந்து மரம் தெரியும். இலைக்கு, பிய்த்த ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்துப் பழைய மிக்ஸி ஜாரில் தண்ணீரோடு அரைத்துப் பிழிந்து காயவை. (அந்த ஜார் மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது, கண்டிப்பாக.) ஒரே பச்சை வேண்டாம். மூன்று பச்சை செய்து, அடர்ந்ததை உள்ளேயும் வெளிர்ந்ததை உச்சியிலும் ஒட்டு. வெயில் விழுவது அப்படித்தான்.

இதெல்லாம் புதிது என்று பயப்படாதே. நவராத்திரிக் கொலுவில் கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டுப் புல்தரை வளர்த்து, மரத்தூளுக்குச் சாயமேற்றிப் பூங்கா அமைத்த பாட்டிகளின் நாடு இது. உன் மரத்தூளும் அப்படியே சாயமேறி மரத்தடியில் புல்தரையாகட்டும்.

இப்போது நீ மட்டுமே செய்யக்கூடியதற்கு வா. பனையைச் செய்! அடிமரத்தில் நூலை நெருக்கிச் சுற்றினால் மட்டை விழுந்த தழும்பு வளையங்கள் வந்துவிடும். காகித அட்டையை விசிறியாக மடித்து ஓரத்தைக் கீறினால் ஓலை. உச்சியில் வெளிர்ந்த குருத்தோலை நிமிர்ந்து நிற்கட்டும். அடியில் பழுப்புக் காவோலை தொங்கட்டும். காவோலை இல்லாத பனை படத்துப் பனை. 28 மில்லிமீட்டர் வீரனுக்குப் பக்கத்தில் உண்மை அளவில் பனை நின்றால் ஓர் அடியைத் தாண்டும். மேசைமேல் கை புழங்க வேண்டும் என்பதால் முக்கால் அடியில் நிறுத்திக்கொள்.

அடுத்து அலையாத்தி. எண்ணூர் முகத்துவாரச் சேற்றில் அதன் மூச்சுவேர்கள் குத்திட்டு நிற்பதைப் பார்த்தவன் நீ. விளக்குமாற்று ஈர்க்குச்சி நுனிகளை வெட்டி நட்டால் அவை வந்துவிடும். சேற்றுக்குப் பழுப்பு பூசி, மேலே பளபளக்கும் வார்னிஷ் தடவு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து கறுத்த மரங்களும் அங்கேதான் நின்றன. அந்தக் கறுப்பையும் பூசத் துணிவாயா? அப்போது உன் மேசை விளையாட்டோடு நிற்காது, சாட்சியும் சொல்லும்.

போர்க்களத்துக்கும் பஞ்சமில்லை. 1760 ஜனவரி 22-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை முறியடித்த வந்தவாசி நம் மண். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் ஏறத்தாழ 130 குண்டுகளை வீச, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தது நம் துறைமுகக் கரையில். வந்தவாசிக் களத்தில் ஓக் மரத்தை நட்டால் அது பொய்க் களம். அங்கே பனை நிற்க வேண்டும். அதைச் சரியாக நிறுத்த உன் கண் வேண்டும். பனையடியில் நின்று நுங்கு தின்றவனைவிட வேறு யாருக்கு அந்த உரிமை?

முதல் மரம் கோணலாக வரும். வரட்டும்! எண்ணூர்க் கரையில் உப்புக்காற்று தின்ற மரங்களைப் போய்ப் பார். எத்தனை நேராக நிற்கின்றன? யாராவது "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாதே, அடுத்த மரத்தை முறுக்கு. கட்டட மாதிரி செய்பவர்களும் சினிமா கலைத்துறையினரும் இதே கைவேலையில்தான் சோறு உண்கிறார்கள் என்பது கேட்டவர்களுக்குப் பிறகு தெரியட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே காயலான் கடைக்குப் போ. கம்பி கேள், ஸ்பாஞ்ச் கேள். ராத்திரிக்குள் ஒரு பனையை முடித்து, அடியில் உன் பெயரையும் ஊரையும் எழுது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்து, அவன் கையில் கட்டிங் பிளேயரைக் கொடு.