தாமாரிடம் யாரும் கேட்கவில்லை



சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரம் நம் ஞாயிறு வாசகங்களில் வருவதே இல்லை. அதனால்தான் இன்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

தாமார் தாவீதின் மகள். உடம்புக்கு முடியவில்லை என்று படுத்துக்கொண்ட, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோனுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுக்க அப்பாவே அவளை அனுப்புகிறார். மாவைப் பிசைந்து, அவன் கண்ணெதிரே சுட்டு, எடுத்து வைக்கிறாள். அவனோ எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவளைப் பிடித்துக்கொள்கிறான். வேண்டாம் என்கிறாள், நியாயம் பேசுகிறாள், எதுவும் எடுபடவில்லை. அவளைக் கெடுத்தபின் வேலைக்காரனைக் கூப்பிட்டு, இவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடு என்கிறான். வேலைக்காரனும் தாழிடுகிறான். சொன்னதைத்தானே செய்தேன் என்று அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

தாமார் ஒளிந்துகொள்ளவில்லை. தலையில் சாம்பலைப் போட்டு, அங்கியைக் கிழித்து, சத்தமாக அழுதுகொண்டே போகிறாள். அவள் வாயை அடைத்தது, வீட்டில் இடம் கொடுத்த கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம்தான். அம்னோன் உனக்கு அண்ணன், பேசாமல் இரு என்கிறான். தாவீதுக்குக் கடும் கோபம் வருகிறது. கோபத்தோடு சரி. இரண்டு வருடம் கழித்து அப்சலோம் பழிவாங்கினான். ஆனால் உனக்கு என்னம்மா வேண்டும் என்று தாமாரிடம் யாரும் கேட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை.

நம் நடுவில் இப்படி நடந்தால் நாம் மட்டும் என்ன? கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, வெளியே தெரிந்தால் அசிங்கம் என்போம். சாமியாரிடம் சொல்லிப் பேசி முடித்துவிடலாம் என்போம். அப்படி முடித்துவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைப்பது குற்றம். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். குற்றம் சாட்டப்படுபவர் குருவானவராக இருந்தாலும் வழி இதுதான். புகார் வாங்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் நிலையான ஏற்பாடு வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஆணையிட்டார்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு எந்த மருத்துவமனையும், தனியார் ஆனாலும், இலவச சிகிச்சையை மறுக்க முடியாது. 181க்கு அழைத்தால் 'சகி' மையத்துக்கு வழி சொல்வார்கள். அங்கே வைத்தியம், வக்கீல், ஆற்றுப்படுத்துதல், தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். குழந்தைகளுக்கு 1098.

விசாரிப்பது போலீசின் வேலை. துருவிக் கேட்பதை விட்டுவிட்டுக் கூடப் போவதே நம் வேலை. முதல் வாரம் எல்லாரும் வருவோம். மூன்றாம் வருட வாய்தாவுக்கு யார் வருவது? பஸ் செலவு, அன்றைய கூலி, வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குச் சாப்பாடு, இதெல்லாம் அன்பியங்கள் சத்தமில்லாமல் செய்யக்கூடியவை.

இனி மறைக்கல்வி வகுப்பிலும் பீடச்சிறுவர் பயிற்சியிலும் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம். நானும்தான்.

வாய்தாவுக்குத் துணை போக மனமுள்ளவர்கள் பூசை முடிந்ததும் சிஸ்டரிடம் பெயர் கொடுங்கள். யாருடைய வழக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.