உடைப்பதற்கென்று வனைந்த உருவம்

ஒரு பொருளின் அழகைத் தீர்மானிப்பவர், அதனிடம் எந்தப் பயனையும் நாடாமல் அதைக் காண வேண்டும் என்று ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நாட்டார் கலை, அதாவது ஓர் ஊர் தன் வாழ்வுக்கும் வழிபாட்டுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் கலை, இந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை என்பதைத் தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் திருவிழா காட்டுகிறது.

இவ்விழாவில் பகலில் பிரசங்கியார் பாரதக் கதையை விரித்துரைக்க, இரவில் கூத்தர்கள் கட்டை கட்டி, அதாவது கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் அணிந்து, அதே கதையை விடிய விடிய ஆடுவர். துகிலுரிதலில் துச்சாதன வேடமிட்டவர் சேலையைப் பற்றுமுன் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்வார். அர்ச்சுனன் தபசில், உயர்ந்த தபசு மரத்தின் உச்சியிலிருந்து நடிகர் வீசும் பழத்தைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் முந்தானையில் ஏந்துவர். மேலே இருப்பவர் கூலி பேசி வந்த பக்கத்து ஊர்க்காரர் என்பதை அவர்கள் நன்கறிவார்கள். அறிந்துகொண்டே அப்பழத்தைத் தெய்வத்தின் கொடையாகப் பெறுகிறார்கள். இவ்விரண்டு அறிவையும் ஒருசேரத் தாங்கும் மனநிலையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சோம்பலான ஆய்வு.

படுகளம், அதாவது பாரதப் போரின் முடிவை நிகழ்த்திக் காட்டும் சடங்கு, இன்னும் கடினமான வினாவை எழுப்புகிறது. மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் பேருருவத்தை மண்ணால் வனைந்து, விழியும் மீசையும் தீட்டி முடித்தபின், பீம வேடதாரி அதன் தொடையில் அடிக்க, திரௌபதி தன் சபதப்படி கூந்தல் முடிய, உருவம் சிதைக்கப்படுகிறது. பல ஊர்களில் அம்மண்ணை மக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவை அருங்காட்சியகத்தில் பொருளிழக்கின்றன என்று கொழும்பில் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி கருதினார். அக்கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது, ஏனெனில் இங்கே அழிவும் பயன்பாட்டின் ஒரு பகுதி. ஆயினும் அவர் எழுத்தில் நாட்டார் கலை சற்று அளவுமீறிப் புனிதமாகிவிடுகிறது. கட்டியங்காரன், அதாவது கூத்தின் கோமாளி, அரசனையும் அன்றாட அதிகாரத்தையும் அம்மன் சந்நிதியிலேயே கேலி செய்வதும், கூட்டம் வாய்விட்டுச் சிரிப்பதும் அவ்வழிபாட்டுக்குள் அடங்கியவையே.

நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியபின் கூத்தின் அடவும் பாட்டும் நவீன நாடக அரங்குக்குள் வந்து செழித்தன. படுகளம் அவ்வாறு வர இயலாது: அதற்கு வெட்டவெளியும், உருவத்தின் மண்ணை அள்ளிச் செல்லும் ஊரும் வேண்டும், மனை விலை ஏறிய புறநகரில் முதலாவது அரிதாகிவிட்டது.