மடற்பனையும் முடத்தெங்கும்

சைவ ஆசிரியர்காள்,

நன்னூற் பொதுப்பாயிரத்தை அறியாதார் நம்முள் இலர். கடைமாணாக்கர்க்கு அது கூறிய இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்னும் உவமைகள் நம் நாவிலே எப்பொழுதும் ஆயத்தமாய் நிற்கின்றன. ஒரு பிள்ளை விடை சொல்லத் தடுமாறின் உடனே அவனை இல்லிக்குடம் என்கின்றோம். அப்பாயிரந்தானே ஆசிரியராகத் தகாதார்க்கும் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை கூறிற்று. அவற்றை எடுத்தோதுவாரை யாம் அதிகம் கண்டிலேம்!

மன்னார்த் தீவிலே வாழ்வார்க்கு மடற்பனை இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையை ஒருவரும் அணுகார். பழம் தானே விழுந்தாலன்றிப் பயனில்லை. ஐயம் வினாவ மாணாக்கன் அஞ்சும்படி முகங்காட்டும் ஆசிரியர் அத்தன்மையர். பருத்திக்குண்டிகையோ, வாய் குறுகிய கலம். அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே பிடுங்கல் வேண்டும். முடத்தெங்குக்கு நீர் வார்ப்பார் ஒருவர். காய் விழுவது அயலார் வளவிலே. அரசினரிடத்து வேதனம் பெற்று, வகுப்பிலே மறைத்ததை மாலையிலே காசு தருவார்க்கு மாத்திரம் விரித்துரைப்பார்க்கு இதனினும் பொருந்திய உவமை யாது? இதனைச் சொல்லுதலால் எம்மை முனிவார் சிலர் உளர், முனிக.

பவணந்தியார் சமணர். ஆயினும் அவர் நூலுக்குக் காண்டிகையுரை செய்தார் நம் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரது மிஷன் பள்ளியிலே கற்று, அங்கேயே கற்பித்த அவர், 1848இல் அத்தொழிலை விடுத்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிள்ளைகளுக்கேற்ற புத்தகம் இல்லாமை கண்டார். பிள்ளைகள்மேற் குறை கூறினாரல்லர்; 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார்; பாலபாடங்களைப் படிமுறையாக இயற்றினார்; பெரியபுராணத்தை உரைநடையிலே தந்தார். செய்யுட்கடலை நீந்திய பெரியார், சிறுவன் நிற்கும் படிக்குத் தாமே இறங்கி வந்தார்.

யாமும் மிஷன் பள்ளியிலே கற்றேம். விளங்காமையை இகழாது, “எவ்விடத்திலே தடைப்பட்டாய்?” என்று வினாவிய ஓராசிரியர் அங்கே இருந்தார். சமயத்தாற் பிறராயினும் அவரை இன்றும் நினைந்து கைகூப்புகின்றேம்.

கல்லாலின் கீழ் எழுந்தருளிய பெருமானை நோக்குமின். சனகர் முதலிய நால்வரும் வேதங்களை ஓதியும் உள்ளம் ஒடுங்கப் பெறாது வந்தனர். பெருமான் அவர்களை இகழ்ந்திலர். சொல்லை விடுத்துச் சின்முத்திரையாற் காட்டினார். மாணாக்கர்க்கு விளங்காதபோது மாறியது போதிக்கும் முறையே.

இக்கரையிலே விடியுமுன் தந்தையோடு கரைவலை இழுத்துவிட்டு, உப்புக் காய்ந்த கையோடு வகுப்பிலே வந்திருந்து கண் மூடும் பிள்ளையும் உளன். அவனை இல்லிக்குடம் என்றார் பலர். இரவு எத்தனை நாழிகை உறங்கினாய் என்று அவனைக் கேட்டார் நம்முள் எத்துணையர்?